ஒரு சதுர அடிச் சுவர்

மிஸ்ஸுக்குப் பனிக்கட்டியைப் பற்றி நிறையத் தெரியும். மலையிலிருந்து ஆறு போல மெல்ல இறங்கும் பனி, கடலில் தட்டுத் தட்டாக மிதக்கும் பனி, அழுத்தம் கூடக்கூட நீலமாகிவிடும் பனி என்று வகை பிரித்துச் சொல்வார். அவர் நேரில் கண்ட பனிக்கட்டி, கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எங்கள் பிரிட்ஜுக்குள் இருந்தது மட்டும்தான். அதையும் அவர் சும்மா விடவில்லை. ஒருநாள் என் கணவரின் தாயான மாமி பிரிட்ஜை நிறுத்திவிட்டு, உள்ளே குன்று போல வளர்ந்திருந்த ஐஸைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த மிஸ், "அம்மா, ஒரு நிமிஷம் தட்டாதேங்கோ" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடுக்கடுக்கா இருக்கு, பாருங்கோ. ஒவ்வொருக்காலும் கதவைத் திறந்து மூடேக்க உள்ள போன ஈரம். உங்கட குடும்பச் சரித்திரம் முழுக்க இதுக்குள்ள இருக்கு."

மாமி கரண்டியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட சரித்திரம் மாட்டெறச்சிப் பார்சலுக்கு மேலயா ஈக்கு?" என்றார்.

நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஆசிரியை அல்ல, கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கந்தோரில் வேலை பார்க்கும் பெண்களை மிஸ் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கலாம். கல்யாணம் செய்திருக்கவில்லை. பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த வருடங்களில் எல்லோரும் அவரிடம் முதலில் கேட்டது பெயரைத்தான். பெயரைச் சொன்னதும் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னதும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். என் எழுத்துக்குள்ளாவது அவர் அதெல்லாம் காட்டாமல் வரட்டும்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை முடித்துக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தேன். மகள் எதை வாயில் போடுவாள், எங்கே விழுவாள் என்று பார்ப்பதே பகல் முழுவதும் என் வேலை. கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். இப்போதும் அப்படித்தான். சண்டை நடக்கிற காலத்தில் வடக்கிலிருந்து வந்த ஒருவருக்கு அறை கொடுத்தது சரியா என்று முதல் மாதம் முழுக்க யோசித்தேன். மாமியிடம் கேட்டும் விட்டேன்.

"மழைக்கி ஒதுங்க வந்த ஆளுக்கிட்ட கொடைட கலரக் கேக்கியா புள்ள?" என்றார் மாமி. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. யோசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மிஸ்ஸின் வாழ்க்கையில் சனிக்கிழமைதான் பெரிய நாள். காலையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, பஸ் தரிப்புக்கு எதிரே இருந்த நெட் கடைக்குப் போவார். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைப் பற்றி இலவசமாகப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்; அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே மிஸ்ஸின் வேலை. பாடங்கள் வாரத்துக்கு ஒன்றாக மின்னஞ்சலில் வரும். நெட் கடை முதலாளிக்கு இது விளங்கவேயில்லை. யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் வாரம் தவறாமல் வந்து இன்டர்நெட்டில் தேடினால் அது எதுவாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒருநாள் நான் மகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன்.

"மிஸ், வாங்க வாங்க. கனடா விசா பேஜ் தொறந்து வச்சீக்கேன்" என்றார் அவர், உபசாரமாக.

"எனக்குக் கனடா வேண்டாம். பனிக்கட்டி வேணும்."

"கனடாவுலதான் மிஸ் பனிக்கட்டி நெறைய."

மிஸ் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினார்.

பாடத்தைத் தெரிவு செய்வதற்கு அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது சட்டம்: பாடத்தின் முதல் பக்கத்தை வாசித்துப் பார்ப்பார். எல்லாம் விளங்கினால் வேண்டாம். ஒன்றும் விளங்காவிட்டாலும் வேண்டாம். "அரைவாசி விளங்கவேணும், பிள்ளை. மற்ற அரைவாசிக்குத்தான் நான் போறது." இரண்டாவது சட்டம், கந்தோருக்கு உதவுகிற எதையும் படிப்பதில்லை. அது கந்தோர் வேலையாம். இப்படித்தான் அவர் பனிக்கட்டி படித்தார், மணிக்கூடு வருவதற்கு முன் மனிதர் நேரம் பார்த்த விதங்களைப் படித்தார், கோயில் மணிகளின் உலோகம் படித்தார், பொத்தான்களின் வரலாறு படித்தார். பாடம் முடிந்ததும், பணம் அனுப்பினால் சான்றிதழ் வரும் என்று சிலர் எழுதுவார்கள். மிஸ் அதை அழித்துவிடுவார்.

ஊரில் எல்லோரும் எதையாவது படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கணக்கியல், ஆங்கிலம், கம்பியூட்டர், நேர்ஸிங். எல்லாமே எங்காவது போவதற்கான படிப்பு. நானும் அதைத்தான் படிப்பென்று நினைத்திருந்தேன். அதனால் ஒருநாள் கேட்டேன், "மிஸ், பொத்தானப் பத்திப் படிச்சி எனத்துக்கு?"

அவர் கோபிக்கவில்லை. "என்னத்துக்கு எண்டு கேக்காதேயும். என்ன எண்டு கேளும். அதுக்கு நான் விடிய விடியப் பதில் சொல்லுவன்" என்றார்.

அந்தப் பதிலை அன்று நான் அவ்வளவாக நம்பவில்லை. பக்கத்து நகரமொன்றில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகளுக்குத் தீ வைத்த வாரத்தில்தான் அது எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. என் கணவர் கடையைத் திறக்கவில்லை. முன்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹோலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒரு லொறி போனாலும் மாமியின் விரல்களில் உருளும் தஸ்பீஹ் மணிகள் நின்றுவிடும். மிஸ் கீழே இறங்கி வந்து எங்களோடு கதிரையில் உட்கார்ந்தார். மாமியின் மடியில் கிடந்த, பொத்தான் அறுந்த மகளின் சட்டையை எடுத்துத் தைக்கத் தொடங்கினார்.

"அம்மா, தெரியுமோ, முந்திப் பொத்தானை வடிவுக்குத்தான் வைச்சுத் தைச்சவை. பொத்தான் ஓட்டை எண்டு ஒண்டு வந்தது கனகாலத்துக்குப் பிறகுதான்."

மாமி மணிகளை நிறுத்தினார். "அப்ப ஓட்ட இல்லாம எப்பிடிப் பூட்டின?"

"பூட்டேல்லை. ஊசியாலயும் நாடாவாலயும் கட்டினவை. பொத்தான் சும்மா பாத்துக்கொண்டு இருந்தது."

"அல்லாஹ்வே, பொத்தானும் ஈந்து ஓட்டயத் தெரியாம ஈந்தீக்காங்களே, மடையனுங்க!"

மாமி சிரித்தார். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் பயந்துகொண்டுதான் இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயத்துக்கு நடுவே ஓட்டையில்லாத பொத்தான்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் மிஸ் ஒரு பழைய கம்பியூட்டர் வாங்கினார். எங்கள் டெலிபோனிலிருந்து ஜன்னல் வழியாக மேல்மாடிக்கு ஒரு வயர் இழுத்தோம். இணைப்பு எடுக்கும்போது அது எழுப்புகிற கிரீச்சிடல் கேட்டால் மகள் எங்கிருந்தாலும் கையைத் தூக்கி ஆடுவாள். இணைப்பில் இருக்கும்போது கீழே யாராவது ரிசீவரைத் தூக்கிவிட்டால் எல்லாம் அறுந்துவிடும். மாமி தூக்குவார். மேலிருந்து "ஐயோ அம்மா!" என்று கேட்கும். "மறந்துட்டேன் மிஸ், வெச்சிட்டேன் வெச்சிட்டேன்" என்று மாமி பதில் கொடுப்பார்.

அந்தக் கம்பியூட்டரில் வந்ததுதான் பாசிப் பாடம்.

குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை நடத்தினார். மாணவர்கள் ஒரு டசின் பேர்கூட இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாடு. ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பாசி படர்ந்த ஒரு சதுர அடி இடத்தைத் தெரிந்தெடுத்து, பாடம் முடியும்வரை அதை மட்டுமே கவனிக்க வேண்டும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைப்புக்கு வந்து, தத்தம் சதுர அடியைப் பற்றி மற்றவர்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டும்.

பாசிக்கு எங்கள் பக்கத்து ஹந்தானை மலைதான் இடம். அங்கே தேயிலைக்கு மேலே பாறையெல்லாம் பச்சைக் கம்பளம். ஆனால் யாழ்ப்பாண விலாசம் உள்ள அடையாள அட்டையோடு ஒரு பெண், காவல் போட்ட ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கிற மலையில் பூதக்கண்ணாடியும் அளவுகோலுமாகக் குனிந்து நிற்க முடியாது. அது மிஸ்ஸுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை. ஆகவே அவர் எங்கள் குளியலறைப் பின்சுவரைத் தெரிந்தெடுத்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், எப்போதும் ஈரமாக இருக்கிற இடம். நான்கு மூலைக்கும் பென்சிலால் புள்ளி வைத்தார்.

கந்தோர் விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அங்கே போய்ப் பலகைக்கட்டையில் உட்கார்ந்துவிடுவார். வெயில் நாட்களில் பாசி கபில நிறமாகச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, "இப்ப பாரும்" என்பார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து பச்சையாகும். மழைக்காலத்தில் அதிலிருந்து மயிரிழை போன்ற தண்டுகள் எழும்பி, நுனியில் சின்னச் சிமிழ்கள் வந்தன. அவற்றுக்கு மூடிகூட இருந்தது.

"இதுக்கு வேர் இல்லை, பிள்ளை. எங்க ஒட்டினாலும் அங்க சீவிக்கும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உருக்கமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன் போலிருக்கிறது.

"பாத்தீரே, உடன முகத்தை அப்பிடி வைச்சுக்கொள்ளுறீர். நான் என்னைப் பற்றிச் சொல்லேல்லை. பாசியைப் பற்றித்தான் சொல்லுறன்."

ஒருநாள் மகள் அந்தச் சதுர அடியின் ஓரத்திலிருந்து ஒரு பிடி பிய்த்து வாயில் போட்டுவிட்டாள். நான் கத்திய கத்தலில் மாமி தொழுகைப் பாயிலிருந்து ஓடிவந்தார். விரலை விட்டுத் தோண்டினேன். அவள் பாதியை விழுங்கியிருந்தாள். "பாசி திண்டு ஆரும் செத்ததாய் நான் படிக்கேல்லை" என்று மிஸ் சொன்னார். ஆனால் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறிப்போய்ப் பேராசிரியைக்கு எழுதினார். நான் ஓட்டோவில் டாக்டரிடம் போய்த் திரும்பி வரும்போது பதில் வந்திருந்தது. பயப்பட வேண்டாம், குழந்தை நலமாக இருக்கிறதா என்று மறுபடி எழுதுங்கள், முடிந்தால் அது என்ன ருசி என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். மிஸ் அதை மாமிக்கு மொழிபெயர்த்தார்.

மாமிக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை தன் பேத்தியின் சுகம் விசாரித்திருக்கிறார்! கெலிஓயாவில் மாமிக்குத் தெரிந்த எல்லா வீடுகளுக்கும் செய்தி போயிற்று.

பொலிஸார் வந்ததும் அந்த மாதங்களில்தான். வாடகைக்கு இருப்பவர்களைப் பதிவு செய்யும் வழக்கமான வருகை. ஆனால் மிஸ்ஸின் மேசையில் கட்டம் கட்டமாக வரைந்த சுவரின் படம் இருந்தது. கட்டங்களுக்குள் எண்கள். அதிகாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார், இது எந்த இடத்தின் வரைபடம்? மிஸ் அவரைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். அதிகாரி சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இது பாசி என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். "எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்றுகூடச் சொன்னார். அதற்கு மேல்தான் அவரால் போக முடியவில்லை. இதற்கு யார் சம்பளம் தருகிறார்கள்? ஒருவரும் இல்லை. பரீட்சையா? இல்லை. பதவி உயர்வா? இல்லை. ஒவ்வோர் இல்லைக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டு வந்தது. பிரயோசனமில்லாத ஒன்றை ஒரு மனிதர் இவ்வளவு கவனமாகச் செய்வார் என்பதை நம்புவது அந்தக் காலத்தில் யாருக்கும் கடினம்தான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள், நோனா. இவர் ஏன் இதைச் செய்கிறார்?"

மகள் என் இடுப்பில் இருந்தாள். என் கணவர் கடையில். என்ன சொன்னால் யாருக்கு என்ன வரும் என்று ஒரு நொடிக்குள் பத்து விதமாக யோசித்தேன். பிறகு என் பள்ளிக்கூடச் சிங்களத்தில், "அவருக்குப் பிடித்திருக்கிறது, சேர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் பார்ப்போம்" என்றேன். நாங்களும் பார்ப்போம் என்று ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. ஆனால் அது உண்மைதான். அதிகாரி படத்தை மேசையில் வைத்துவிட்டு, பதிவில் மாமியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கடைசி நாள் நெருங்க நெருங்க மிஸ்ஸுக்குத் தூக்கம் குறைந்தது. ஏனென்று ஒருநாள் பலகைக்கட்டையில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"முதல் நாள் எல்லாரும் அறிமுகம் செய்தவை. ஒருத்திக்கு ஏரிக்கரைக் கல்லாம், ஒருத்தருக்கு மாதாகோயில் கூரையாம். நான் இலங்கை எண்டு எழுதினதுதான், எல்லாரும் சண்டையைப் பற்றிக் கேக்கத் தொடங்கிட்டினம். பத்திரமா இருக்கிறீங்களோ, சாப்பாடு கிடைக்குதோ, குண்டு விழுதோ எண்டு. நல்ல சனங்கள்தான். ஆனால் ஒருத்தரும் என்ரை சுவரைக் கேக்கேல்லை." பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "இந்த ஒருக்கால், ஒரு மணித்தியாலம், நான் சுவர்க்காரியா மட்டும் இருக்கவேணும். அதுக்குத்தான் இந்தப் பாடத்தைக் கடைசிமட்டும் படிக்கிறன்."

அது எனக்கு முழுவதும் விளங்கியது. மாமிக்கும் ஏதோ விதத்தில் விளங்கியிருக்க வேண்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு. ஜித்தாவில் இருக்கும் மாமியின் தம்பி டெலிபோன் எடுக்கும் நேரமும் அதுதான். முந்திய வெள்ளியே மாமி தம்பிக்கு உத்தரவு போட்டுவிட்டார்: "அடுத்த வெள்ளி எடுக்க வாணாம். எங்கட சொவருக்கு எக்ஸாம் ஈக்கு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

புதன்கிழமை நான் மகளுக்குத் தடுப்பூசி போட கிளினிக் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசம். பின்பக்கம் ஓடினேன். வெள்ளையடிக்கிற பாஸ் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். குளியலறைப் பின்சுவர் பால் போல வெள்ளையாக நின்றது. மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றார்.

"பாருங்க புள்ள. ஒலகத்துல உள்ள படிச்ச ஆளெல்லாம் பாக்கப் போற சொவரு. ஊத்தையும் பாசியுமா காட்டினா எங்கட வூட்டப் பத்தி எனத்த நெனைப்பாங்க? நல்லாச் சொரண்டி, ரெண்டு தரம் அடிச்சீக்கி."

மாமிக்குக் கம்பியூட்டர் என்றால் ஒருவிதத் தொலைக்காட்சி; அந்தப் பக்கம் இருப்பவர்கள் சுவரைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். வருகிற விருந்தாளிக்காக வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார். மாமியிடம் எப்படிச் சொல்வது, மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிஸ் வந்தார், நேரே பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். சுவரில் ஒரு விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. பிறகு பலகைக்கட்டையில் உட்கார்ந்தார்.

மாமி உற்சாகமாக வந்தவர் மிஸ்ஸின் முகத்தைக் கண்டதும் நின்றார். "மிஸ்... பாசிதான் பாடமா? நான் சொவருன்டில்லயா நெனைச்சேன்." ஒரு கணம் கழித்து, "வாளி கொண்டு வாங்க புள்ள, கழுவுவோம். இப்பவே கழுவுவோம்" என்று பதறினார்.

"விடுங்கோ அம்மா" என்றார் மிஸ். "காயட்டும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் வரேல்லை எண்டு எழுதிப்போடுறன். இனி என்னத்தைச் சொல்லுறது? அவையளும் வழக்கம்போல மற்றதைக் கேக்கட்டும்."

மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். நான் நின்றேன். பேசலாமா கூடாதா என்று வழக்கம்போல இரண்டு மனமாக இருந்தது. பேசினேன்.

"மிஸ், சொவரு இன்னும் ஈக்குதானே. வெள்ளையா ஈக்கு. இப்ப அதுல எனத்த ஈக்குன்டு பாருங்களேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பேச்சையே அவருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டேனோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தால், மிஸ் முழங்காலில் நின்று பூதக்கண்ணாடியோடு குழாயின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை! இஞ்ச வாரும்! அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்!"

குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, தூரிகை நுழையாத இடுக்கில், என் சுண்டுவிரல் அகலத்துக்குப் பச்சை மிஞ்சியிருந்தது. அதில் இரண்டு சிமிழ்கள். மாமி கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அதுவரை அவர் அதைக் கண்ணாடியால் பார்த்ததே இல்லை. "மூடியும் ஈக்குதே!" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரிய மழை. மஃரிபு பாங்கு சொல்லியாயிற்று, மிஸ் வரவில்லை. என் கணவர் கடை பூட்டிக்கொண்டு வந்து சொன்னார், "பேராதனைப் பாலத்துக்கிட்ட எல்லா பஸ்ஸையும் எறக்கி செக் பண்றாங்க. லைன் கெடக்கு."

மாமி என்னைப் பார்த்தார். "நீங்க போய் அந்தப் பொட்டியத் தொறங்க, புள்ள. ஆள் வரும்வரைக்கும் எடத்தப் புடிச்சி வெய்ங்க." டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டார், அடைகாக்கிற கோழி மாதிரி.

மகளை மடியில் வைத்துக்கொண்டு இணைப்பை எடுத்தேன். எப்படி என்று மிஸ் முன்பே காட்டித் தந்திருந்தார். கிரீச்சிட்டது, மகள் ஆடினாள், திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. அவர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் அழைத்துக்கொண்டார்கள். ஏதேதோ ஊர்களுக்கு நடுவே ஒரு வரி வந்தது.

கெலிஓயா, இருக்கிறீர்களா?

எங்கள் ஊர். ஒரு பஸ் தரிப்பும் சில கடைகளும் ஒரு பள்ளிவாசலும் உள்ள எங்கள் ஊர். இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். நான் கீழ்வீட்டுப் பெண், அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதினேன்.

உடனே ஒருவர் கேட்டார்: ஏன், அங்கே எல்லாம் சரிதானே?

சோதனைச் சாவடி என்று தட்டினேன். அழித்தேன். அதுதானே உண்மை, படித்த மனிதர்களிடம் பொய் சொல்லலாமா என்று மறுபடி தட்டினேன். பாலத்தில் மழைக்குள் நிற்கிற மிஸ்ஸை நினைத்தேன். இன்று அவரை விடுவார்களா, வைத்துக்கொள்வார்களா என்று நினைத்தேன். அந்தச் சொல்லை அனுப்பினால் அவர் வந்து சேரும்போது அவருடைய சுவர் இருக்காது. மறுபடி அழித்தேன். பிறகு எழுதினேன்: பஸ் தாமதம். இங்கே மழை.

ஏரிக்கரைப் பெண் பதில் எழுதினாள்: மழையா! கொடுத்துவைத்த பாசி!

எல்லோரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன். எங்கள் மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும், சுவர் எந்தத் திசையைப் பார்க்கும், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மிஸ் வந்தபோது சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. துவட்டத் துவாய் கொடுத்து மாமி மேலே அனுப்பிய என் கணவரையும் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் வந்தார்.

"ஹாண்ட்பாக்கைக் கொட்டிப் பாத்தவங்கள். பூதக்கண்ணாடி என்னத்துக்கு எண்டு கேட்டவங்கள்."

"நீங்க எனத்த சென்னீங்க?"

"வயசு போட்டுது, எழுத்துத் தெரியுதில்லை எண்டன்." திரையை வாசித்தார். நான் எழுதியிருந்த வரியில் அவர் கண் நின்றது. ஈரக் கையை என் தலையில் ஒருதரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு அவர் எழுதியதை நான் தோளுக்கு மேலால் வாசித்தேன். வெயிலில் செத்து மழையில் எழும்பிய பாசி, மூடியுள்ள சிமிழ்கள், குழந்தை தின்ற ஓரம். கடைசியில், உங்களைக் கௌரவிப்பதற்காக எங்கள் வீட்டு அம்மா புதன்கிழமை இந்தச் சுவருக்கு இரண்டு தரம் வெள்ளையடித்தார் என்று எழுதினார். பிறகு சிரிப்புகள் வந்தன. அதன் பிறகு கேள்விகள், ஒன்றன்மேல் ஒன்றாக. சுண்ணாம்பு கல்லிலிருந்தா, பவளத்திலிருந்தா? எவ்வளவு மிஞ்சியது? அம்மா இப்போது என்ன சொல்கிறார்? பேராசிரியை எழுதினார்: சுண்ணாம்பை விரும்புகிற வேறு பாசிகள் உண்டு. அந்தச் சுவரை இனித் தொடாதீர்கள். யார் வருகிறார் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது. அம்மாவுக்கு என் நன்றி.

இணைப்பு முடிந்ததும் மிஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஒருத்தரும் சண்டையைக் கேக்கேல்லை, பிள்ளை."

கீழே போய் மாமியிடம் பேராசிரியையின் நன்றியைச் சொன்னேன். மாமியின் கை இன்னும் ரிசீவரின் மேல்தான் இருந்தது. "எடுக்கலாமா இப்ப?" என்று கேட்டார். ஜித்தாவுக்கு உடனே சொல்லவேண்டியிருந்தது அவருக்கு.

அடுத்த வருடம் மிஸ்ஸுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கம்பியூட்டரை மெத்தை விரிப்பில் சுற்றிக்கொண்டு போனார். அவ்வப்போது தபாலட்டை வரும். பூட்டுகளைப் பற்றி ஒரு பாடம் கண்டுபிடித்திருப்பதாகவும் அரைவாசி விளங்குவதாகவும் ஒன்றில் எழுதியிருந்தார். எல்லா அட்டையிலும் கடைசி வரி ஒன்றுதான்: சுவரில் என்ன? சில மாதங்கள் அட்டை வராது. அந்த மாதங்களில் நான் செய்தியைக் கேட்கவும் பயப்படுவேன், கேட்காமல் இருக்கவும் பயப்படுவேன். பிறகு ஒன்று வரும்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மகன் தவழ்கிறான், எல்லாவற்றையும் வாயில் போடுகிறான். போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் வெள்ளையடிக்க அதே பாஸ் வந்தார். வீட்டைச் சுற்றி அடித்துக்கொண்டு பின்பக்கம் போனவர் கூப்பிட்டார்.

"ராத்தா, இந்தக் கொழாயடியில கறுப்புப் பச்சையா பாசி புடிச்சீக்கி. சொரண்டவா?"

மாமி சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடினார். நானும் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"அதுல கைய வெக்க வாணாம்! அது மிஸ்ட எடம். இது பழைய பாசி இல்ல, சுண்ணாம்புக்கு வந்த பாசி. சுத்திவர அடிங்க, நடுவுல உடுங்க."

பாஸ் ஏணியில் நின்றபடி தலையைச் சொறிந்தார். "பாசிய வெச்சி எனத்துக்கு ராத்தா?"

"எனத்துக்குன்டு கேக்காதீங்க" என்றார் மாமி. அகப்பையை என் கையில் தந்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் கிடந்த, மிஸ் விட்டுப்போன பூதக்கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார். "எறங்கி வந்து எனத்தன்டு பாருங்க."